டிப் மாற்றத் தெரிந்த கை

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் தவணை, வங்கி இணைப்பு, வரவு செலவு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். அடுத்து நான் பேசப்போகிற விஷயம் நம்ம கூட்டத்துக்குப் புதுசு. லேத் பட்டறையைப் பற்றியது. "லேத்துக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறாங்க. சம்பந்தம் இருக்குங்க. விடிகாலையில் வேன் ஏறி, கோயம்புத்தூர்ப் பக்கம் பட்டறை வேலைக்குப் போகிறவர்களில் நம்ம பெண்பிள்ளைகளும் இருக்காங்க. பம்பு ஷாப்ட், மோட்டார் பாகம், வண்டி உதிரி பாகம் கடைகிற சி.என்.சி. லேத்தில்தான் பலருக்கு வேலை. "சி.என்.சி. பயிற்சிக்குப் பணம் கட்டணும்" என்று குழுவில் உள்கடன் கேட்கிறவர்களும் இருக்காங்க. கடன் கொடுக்கும் முன்னால், பிள்ளையை வேனில் ஏற்றும் முன்னால், நாம் என்ன கேட்கணும்? அதைத்தான் பேசப்போகிறேன்.

நான் இன்ஜினியர் இல்லை, சமூகப்பணி படித்தவள். பட்டறைகளுக்குப் போய், செட்டர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

லேத் என்றால் இரும்பைச் சுழலவிட்டு, ஒரு கூர்முனையை அதன்மேல் வைத்துச் சீவி எடுக்கிற மிஷின். பழைய லேத்தில் ஆள் கையால் சக்கரம் திருப்பணும். சி.என்.சி.யில் கம்ப்யூட்டர் புரோகிராம்படி மிஷினே அந்த முனையை நகர்த்தும். டரட் என்ற ஒரு சுழல் வட்டில் எட்டோ பன்னிரண்டோ டூல் மாட்டியிருக்கும். பலவற்றின் நுனியில் ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதுதான் இன்சர்ட். பட்டறையில் "டிப்" என்பார்கள். டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. விரல் நகம் அளவுதான் இருக்கும், ஆனால் இரும்பைச் சீவுவது அதுதான். சில நூறு ரூபாய் விலை.

கருக்கரிவாள் மழுங்கினால் நமக்கே தெரியும். அறுப்பு வேகம் குறையும், தாள் கசங்கும், அழுத்தி இழுத்தால் கையைப் பதம் பார்க்கும். டிப்பும் அப்படித்தான். ஓட ஓடத் தேயும். தேய்ந்ததைக் கண்டுபிடித்துச் சரியாக மாற்றத் தெரிந்தவருக்குப் பட்டறையில் தனி மதிப்பு.

நம்ம களப்பகுதியில் ஒரு பெண். இரண்டு வருஷம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தாள். பீஸை மாட்டணும், பச்சை பட்டனை அமுக்கணும், முடிந்ததும் எடுத்து அடுக்கணும். டிப் தேய்ந்தால் ஒதுங்கி நிற்கணும், செட்டர் வந்து மாற்றுவார். பிறகு வேறு பட்டறைக்குப் போனபோது, "டூல் மாற்றத் தெரியுமா? ஆப்செட் போடத் தெரியுமா?" என்று கேட்டாங்க. தெரியாது. மறுபடியும் ஆரம்பச் சம்பளம்தான். இரண்டு வருஷ உழைப்பு அனுபவக் கணக்கில் சேரவே இல்லை. நம்ம பிள்ளைகளுக்கு இது நடக்கக் கூடாது.

அதனால் டிப் மாற்றுகிற வேலையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப்பார்க்க உதவும்.

1. எப்போது மாற்றணும்?
சத்தம் மாறும், கீச்சென்று கேட்கும். கடைந்த இடம் பளபளப்பு குறைந்து சொரசொரப்பாகும். விளிம்பில் பிசிறு நிற்கும். சீவல் சுருளின் வடிவமும் நிறமும் மாறும். அளவு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். நல்ல பட்டறையில் "இத்தனை பீஸ் ஓடியதும் மாற்று" என்று கணக்கே வைத்திருப்பார்கள். தேய்ந்த டிப்பை இழுத்துப்பிடித்து ஓட்டினால் சூடும் அழுத்தமும் ஏறி, டிப் உடையும். பீஸும் போகும், டூல் ஹோல்டரும் போகும்.

2. முதலில் நிறுத்தணும்.
சுழற்சி முழுசாக நின்ற பிறகுதான் கதவைத் திறக்கணும். டரட்டை வேலை நடக்கிற இடத்திலிருந்து தள்ளி நிறுத்தணும். நம் கை உள்ளே இருக்கும்போது வேறு யாரும் பட்டனைத் தொடக் கூடாது. சீவல் சுருள் பிளேடு மாதிரி, சூடாகவும் இருக்கும். அதைக் கையால் இழுக்காமல் கொக்கியால் இழுக்கணும், பிரஷ்ஷால் தள்ளணும். காற்றுக் குழாயை அடித்தால் தூள் கண்ணுக்குத்தான் வரும். கண்ணாடி கட்டாயம்.

3. கழற்றி, இருக்கையைத் துடைக்கணும்.
டிப்பைப் பிடித்திருக்கிற சின்ன ஸ்க்ரூவை அதற்கான சாவியால் தளர்த்தி, கீழே தவறவிடாமல் எடுக்கணும். டிப் உட்காருகிற குழியில் ஒரு தூசி, ஒரு இரும்புத்தூள் இருந்தால் போதும், புது டிப் சாய்ந்து உட்காரும், சீக்கிரம் உடையும். அடியில் இருக்கிற ஷிம் தகடு விரிசல் விட்டிருக்கா என்றும் பார்க்கணும்.

4. திருப்பலாமா, புதுசு போடலாமா?
ஒரு டிப்பில் ஒரே முனை இல்லை. சி.என்.எம்.ஜி. வகையில் மேலும் கீழுமாக நாலு முனை, டபிள்யு.என்.எம்.ஜி. வகையில் ஆறு முனை. ஒரு முனை தேய்ந்தால் அடுத்த முனைக்குத் திருப்பிக்கொள்ளலாம். ஓடிய முனையில் மார்க்கர் பேனாவால் அடையாளம் வைக்கணும். இல்லாவிட்டால் தேய்ந்த முனையையே திரும்பப் போட்டுவிடுவோம். புதுசு போட்டால் பாக்கெட்டில் உள்ள எண்ணைப் படித்துப் போடணும். 120408 என்றால் கடைசி 08 முனையின் வளைவைச் சொல்கிறது, 0.8 மில்லிமீட்டர். 120404 என்றால் 0.4. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டால் வேலை கெடும்.

5. இறுக்கணும், ஆனால் அளவாக.
டிப் குழியின் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கா என்று பார்த்துவிட்டு இறுக்கணும். சாவியில் பைப்பை மாட்டி மிதித்து இறுக்கினால் ஸ்க்ரூ மரை போகும், டிப் விரிசல் விடும்.

6. ஆப்செட். இங்கேதான் முழுத் திறமையும்.
தையல் தெரிந்த அக்காமார்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு ஷாப்ட் 25.00 மில்லிமீட்டர் வரணும். டிப் தேயத் தேய இரும்பைக் குறைவாகச் சீவும், அதனால் பீஸ் பெரிசாகி 25.06 வருது. ஆபரேட்டர் மிஷினில் 0.06 குறைத்துக் கணக்கு போட்டு ஓட்டுகிறார். இப்போது புது முனை மாட்டியாச்சு. பழைய கணக்கை அப்படியே விட்டால் என்ன ஆகும்? தேயாத முனை, அதற்கு மேல் 0.06 குறைப்பு. பீஸ் 24.94 வந்துவிடும். குறைந்த இரும்பை ஒட்டவைக்க முடியாது, பீஸ் தள்ளுபடிதான். ஜாக்கெட் துணியைக் குறைத்து வெட்டிவிட்ட மாதிரி. அதனால் தெரிந்தவர்கள் முதல் பீஸைக் கொஞ்சம் பெரிசாகவே வரும்படி விட்டு, மைக்ரோமீட்டரில் அளந்து, மிச்சத்தைச் சீவி அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதன் பிறகுதான் மளமளவென்று ஓட்டணும். டிப்பை மட்டும் மாற்றாமல் டூல் ஹோல்டரையே மாற்றினால் அளவைப் புதுசாக எடுத்துப் பதியணும். வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வரியாக ஓட்டி, நிறுத்துகிற பட்டனில் விரலை வைத்துக்கொண்டே பார்க்கணும்.

7. எழுதி வைக்கணும்.
எந்த டூல், எத்தனையாவது பீஸில், என்ன காரணத்துக்காக மாற்றினோம் என்று குறிக்கணும். நாம் தீர்மான நோட்டு எழுதவில்லையா, அதே மாதிரி. நாளைக்குக் கேள்வி வந்தால் அந்த நோட்டுதான் பேசும்.

இவ்வளவுதான் விஷயம். தையல் மிஷினில் ஊசி மாற்றி, நூல் இழுப்பு சரிபார்க்கத் தெரிந்த நமக்கு இது எட்டாத வித்தை இல்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு செட்டிங் எதுக்கு, பீஸ் மாட்டினால் போதும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. இந்த வேலைக்குப் பலத்தை விடப் பொறுமையும் சுத்தமும் அளவும்தான் வேணும்.

இன்னொரு முக்கியமான விஷயம், கதவு. சி.என்.சி. மிஷினில் கதவு திறந்திருந்தால் ஓடாமல் தடுக்கிற ஒரு சுவிட்ச் இருக்கும். பீஸ் கணக்கு கூடணும் என்பதற்காகச் சில இடங்களில் அந்த சுவிட்சை ஏமாற்றி, கதவைத் திறந்துபோட்டே ஓட்டுவது உண்டு. சுழல்கிற சக்கில் துப்பட்டா நுனி, வளையல், முடி, கையுறை எது மாட்டினாலும் ஆளையே இழுத்துவிடும். டிப் உடைந்தால் அதன் துண்டு தெறித்து வரும். அதனால் நம்ம பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்க: "கதவு மூடாத மிஷினில் வேலை செய்யாதே. முடியைக் கட்டித் தொப்பிக்குள் போடு. சுழலும்போது கையுறை போடாதே. பீஸ் குறைந்தால் குறையட்டும், விரல் முக்கியம்." அப்படிச் சொல்லி வேலை போனாலும், வீட்டில் திட்டாமல் அவள் பக்கம் நில்லுங்க. அந்தத் தைரியம் வீட்டிலிருந்துதான் வரணும்.

கடைசியாக, ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்க வேண்டியவை:

பயிற்சிக்கு உள்கடன் கேட்டால், "அங்கே மிஷின் இருக்கா? பிள்ளையே தன் கையால் டிப் மாற்றி, ஆப்செட் போட்டு, முதல் பீஸ் அளந்து பார்க்க விடுவாங்களா?" என்று கேளுங்க. நேரில் போய்ப் பாருங்க. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் காட்டுகிற இடத்துக்குக் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டாம்.

பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு, இரண்டு வருஷப் படிப்பு இருக்கு. தனியாருக்குப் பணம் கட்டும் முன்னால், பக்கத்தில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்க.

ஏற்கனவே வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் இன்று இரவு கேளுங்க: "உனக்கு டிப் மாற்றச் சொல்லிக் கொடுத்தாங்களா? மிஷின் கதவு மூடி ஓடுதா? இ.எஸ்.ஐ. அட்டை வந்துவிட்டதா?" இல்லை என்ற பதில் வந்தால் ஊக்குநரிடம் சொல்லுங்க. கூட்டமைப்பு மூலமாகச் சேர்ந்தே போய்ப் பேசலாம்.

சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறோம். இனிமேல் கையில் என்ன வித்தை ஏறியிருக்கு என்றும் கேட்போம்.