வானவழியில் தில்லியும் சென்னையும்

தலைநகரில் தமிழர் இருவர் சந்தித்தால் ஊர்ப் பேச்சு எழாமல் இராது. "விமானம் ஏறினால் இரண்டே முக்கால் மணியில் சென்னை" என்பதும் அப்பேச்சில் தவறாமல் வரும். அந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

தூரத்தை நாமே கணித்துவிடலாம். தில்லி ஏறத்தாழ வட அட்சம் 28½ பாகையிலும், சென்னை 13 பாகையிலும் உள்ளன. அட்சத்தில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே தெற்கே இறங்கவேண்டியது ஏறக்குறைய 1,720 கிலோமீட்டர். சென்னை 3 பாகை கிழக்கே ஒதுங்கியிருப்பதால், நேர்வழித் தூரம் 1,760 கிலோமீட்டர் அளவாகிறது. இருப்புப்பாதையோ ஆக்ரா, போபால், நாகபுரி, விஜயவாடா என வளைந்து சுமார் 2,180 கிலோமீட்டர் நீள்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதைக் கடக்கச் சுமார் 33 மணி நேரம் கொள்கிறது.

வான்வழிக்கும் இந்த நாகபுரியே ஒரு காலத்தில் நடுநாயகமாக விளங்கிற்று. 1949-இல் தொடங்கிய இரவு அஞ்சல் சேவையில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் விமானங்களும் நள்ளிரவில் அங்கே கூடித் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு திரும்பின.

இன்றைய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அவ்வேகத்தில் 2 மணி 5 நிமிடமே போதும். எஞ்சிய நேரம் எங்கே போகிறது? விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், சென்று நிற்பது வரை உள்ள காலத்தையே கால அட்டவணை குறிக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்தல், முறைக்குக் காத்திருத்தல், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைதல், வான்தடம் நேர்கோட்டை விட்டு விலகுதல் ஆகிய யாவும் அதில் அடங்கும்.

காற்றுக்கும் பங்குண்டு. குளிர்காலத்தில் வட இந்தியாவின் உயர்வானில் மேல்காற்று வலுத்து வீசும். அதனால் தில்லியிலிருந்து கொல்கத்தா செல்வது விரைவு, திரும்புவது தாமதம். தெற்கு நோக்கிய நம் வழிக்கு அது பக்கக் காற்றாதலால், போக வர அத்துணை வேற்றுமை இல்லை. மார்கழி, தை மாதங்களில் தில்லியைச் சூழும் மூடுபனியே நமக்குப் பெரிய தடை.

இனி, வீட்டுக் கணக்கு. விமான நிலையம் சேர 1 மணி. அங்கே முன்னதாகக் காத்திருக்க 2 மணி. பயணம் இரண்டே முக்கால். பெட்டியைப் பெற்று வெளிவர அரை மணி. ஆறேகால் மணி ஆயிற்று. காவிரிக் கரைச் சிற்றூர் நம் ஊரானால், சாலை வழியாக இன்னும் 6, 7 மணி வேண்டும். திருச்சி, மதுரை, கோவை விமான நிலையங்கள் அருகிலிருப்பின் அவ்வழியையும் ஆராய்வது நன்று.

இக்கணக்கு பொழுதுபோக்கன்று. பெற்றோர் நோயுற்றார் என்று நள்ளிரவில் செய்தி வரும். சிலவேளை அதனினும் துயரமான செய்தி வரும். "மகன் வரட்டும்" என்று ஊர் காத்திருக்கும். அப்போது விமானம் சென்னையில் இறங்கும் நேரத்தைச் சொன்னால் போதாது. வீட்டு வாசலை அடையும் நேரத்தைக் கணித்துச் சொல்லுங்கள். காத்திருப்போர்க்கு நாம் தரக்கூடிய முதல் ஆறுதல் அதுவே.