கோடையில் நம் வீடும் அடுத்த வீடும்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் மருத்துவமனையைப் பற்றித்தான் பேசுவோம். இந்த முறை உங்கள் வீட்டைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறோம். சித்திரை பிறந்துவிட்டது. பொதுவாக மே 4 முதல் 28 வரை என்று நாட்காட்டியில் போட்டிருக்கும் அக்கினி நட்சத்திரம் தொலைவில் இல்லை. வெயிலில் அலையாதீர்கள், வீட்டுக்குள் இருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் பல வருடங்களாக அதையேதான் சொல்லி அனுப்பினோம். அது போதாது என்பதை ஒரு தாயாரிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

எழுபது வயதைக் கடந்த அந்த அம்மா தனியாக இருப்பவர். இருதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஒரு ஜனவரி மாதம் எங்களிடம் சேர்ந்தார். வீக்கம் வடிய நீர் மாத்திரை கொடுத்தோம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். ஜனவரிக்கு அது சரியான மருத்துவம். அந்த அம்மா சொன்னதை அப்படியே கடைப்பிடிப்பவர். மே மாதம் வந்தபோதும் அதே மாத்திரை, அதே ஒரு லிட்டர். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. திருட்டுப் பயத்தினால் இரவில் ஜன்னலையும் சாத்திவிடுவார்.

தினமும் கீரை கொண்டுவரும் பெண் ஒரு நாள் காலையில் கூப்பிட்டபோது கதவு திறக்கவில்லை. "பாட்டி எந்நேரமும் வாசலில் இருக்குமே" என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் கதவைத் திறக்க வைத்தாள். கட்டிலில் அந்த அம்மா நினைவு தடுமாறிக் கிடந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. அவர் வயலுக்கும் போகவில்லை, சந்தைக்கும் போகவில்லை. வெயிலே படாமல், வீட்டுக்குள்ளேயே அவரை வெப்பம் தாக்கியிருந்தது.

தேவனுடைய கிருபையால் அவர் பிழைத்தார். ஆனால் வார்டில் அவர் பக்கத்தில் நின்றபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. மாத்திரையைப் பற்றி எல்லாம் கேட்டோம். அவர் எந்தக் கூரையின் கீழ் படுக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோடையில் வந்து அளவை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. தவறு எங்களுடையது.

வீட்டுக்குள் வெப்பம் எப்படிச் சேருகிறது என்று பாருங்கள். கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. குடித்ததைப் பொழுது சாய்ந்த பிறகு கீழே விடுகிறது. இரவு பத்து மணிக்கு மாடி அறையின் சுவரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் அப்படிக் காத்திருப்பதில்லை. அவை மதியத்திலேயே அனலைக் கீழே தள்ளிவிடும். நம் முன்னோர் போட்ட ஓலைக் கூரையிலும், சுண்ணாம்புச் சாந்தும் செங்கலும் கொண்டு கட்டிய மெட்ராஸ் டெரஸிலும் இவ்வளவு தகிப்பு இல்லை. பகலில் பட்ட பாட்டை உடம்பு இரவில்தான் ஆற்றிக்கொள்ளும். இரவும் தணியாவிட்டால் மூன்றாம் நாள், நான்காம் நாள் வயதானவர்கள் விழுந்துவிடுகிறார்கள்.

மேல் தளம் என்ன செய்யும் என்பதற்கு ஆமதாபாத் ஒரு சாட்சி. 2010 மே மாதம் அந்த நகரில் வெப்பம் 46.8 டிகிரிக்கு ஏறியது. அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல் தளத்தில் இருந்தது. பிறந்த குழந்தைகள் வெப்பத்தினால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக்கு வந்தார்கள். பிறகு வார்டைக் கீழ்த் தளத்துக்கு இறக்கினார்கள். அதன்பின் அப்படி வரும் குழந்தைகளின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை, இடத்தை மாற்றியதுதான். 2013-ல் அந்த நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித் திட்டமே வகுத்தது. நம் தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

ஆகவே முதலில் கூரையைக் கவனியுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்டோ அடித்தால் கீழ் அறையில் சில டிகிரி குறையும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. பூசணிக் கொடியையோ சுரைக் கொடியையோ பந்தல் கட்டிக் கூரைமேல் ஏற்றிவிடுவது நம் கிராமத்துப் பழக்கம். அதைக் கைவிடாதீர்கள். வயதானவரும் கைக்குழந்தையும் மாடியில் படுத்தால் கோடை தீரும்வரை கீழ் அறைக்குக் கட்டிலை இறக்குங்கள்.

அடுத்தது ஜன்னல். மேற்குப் பக்க ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே ஓலைத் தட்டியோ மூங்கில் திரையோ கட்டுவது மேல். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே அதை நிறுத்த வேண்டும். தடித்த சுவருள்ள வீடானால் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலைச் சாத்தி, மாலையில் வெளிக்காற்று தணிந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். தகரக் கூரை வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மதியத்தில் வெளியைவிட உள்ளேதான் சூடு அதிகம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதைவிட வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பது பத்திரமானது. அடுப்பு வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டால் வீட்டில் ஒரு சூடு குறையும், சமைக்கிறவரின் சரீரத்துக்கும் நல்லது.

மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி நம்மைக் குளிர்விக்கிறது. அறைக்குள்ளேயே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால், உலர்ந்த உடம்பின்மேல் அந்தக் காற்று அனலைத்தான் வாரி இறைக்கும். அப்போது கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் உட்காருங்கள். பருத்திச் சேலையை நனைத்துப் பிழிந்து போர்த்திக்கொள்ளலாம். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது வேலூர், திருச்சி, கரூர் போன்ற உள் மாவட்டங்களில் நன்றாகப் பலிக்கும். காற்றிலே ஏற்கனவே ஈரம் நிறைந்த சென்னையிலும் தூத்துக்குடியிலும் அவ்வளவு பலிக்காது. அங்கே காற்றோட்டம்தான் முக்கியம்.

குடிப்பதைப் பற்றி உங்களுக்கு நாங்கள் கற்பிக்க வேண்டியதில்லை. மண்பானைத் தண்ணீர், நீர்மோர், இளநீர், நுங்கு, பழைய சோற்று நீராகாரம் எல்லாம் நல்லவை. அதிகம் வியர்த்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கலந்து குடிக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. "தண்ணீர் வேண்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். கேட்காமல் கையில் தம்ளரைக் கொடுங்கள். இரவில் எழுந்து போக வேண்டுமே என்று குடிக்காமல் இருப்பவர்கள் அநேகர். பின்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு போட்டு வையுங்கள், குடிப்பார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். தூளியைத் துணியால் மூடாதீர்கள்.

இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் மாத்திரை, மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கோடை தொடங்கும்போதே ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் அளவும் மாத்திரை அளவும் மாற வேண்டியிருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையானால், மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, தண்ணீர் உள்ள மண்பானைக்குள் நிழலில் வையுங்கள்.

தலைவலி, மயக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் இவை முதல் எச்சரிக்கைகள். நிழலில் படுக்கவைத்து, நனைத்துத் துடைத்து, நீர் கொடுத்தால் தெளிந்துவிடும். பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத்தாக்கு. சரீர வெப்பம் 40 டிகிரியும் அதற்கு மேலும் போயிருக்கும். உடனே 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். காய்ச்சல் மாத்திரையால் இதில் பிரயோஜனம் இல்லை.

இவ்வளவும் செய்ய வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். அங்கேதான் எங்கள் பாரம் இருக்கிறது.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சில நாட்கள் அடித்த வெப்பத்தில் 700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். செல்வமுள்ள நகரம், பெரிய மருத்துவமனைகள் உள்ள நகரம். இறந்தவர்கள் யார் என்று ஆராய்ந்தபோது, தனியாக வாழ்ந்தவர்கள், படுக்கையில் கிடந்தவர்கள், வீட்டைவிட்டு வெளியே போகாதவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். பயத்தினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு. 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் தேசத்தில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தபோதும் அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்களே. அதே சிக்காகோ ஆராய்ச்சி இன்னொன்றும் சொன்னது. குளிர்சாதன வசதி கிடைத்தவர்கள் பிழைத்தது போலவே, பழகிய மனிதர்கள் அருகில் இருந்தவர்களும் அதிகம் பிழைத்தார்கள்.

எங்கள் அம்மாவைக் காப்பாற்றியதும் மருந்துக்கு முன்னால் கீரைக்காரப் பெண்தான்.

இப்போது எங்கள் வெளிநோயாளர் சீட்டில் மூன்று கேள்விகள் சேர்த்திருக்கிறோம். வீட்டுக் கூரை என்ன? எந்த அறையில் படுக்கிறீர்கள்? மதியத்தில் உங்களை யார் பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு, "யாரும் இல்லை" என்று பதில் சொல்பவர்கள் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். பணம் மாதம் தவறாமல் வருகிறது. கதவைத் தட்ட ஆள் இல்லை. அந்த இடத்தில் எங்கள் பேனா நின்றுவிடுகிறது. எழுதிக் கொடுக்க எங்களிடம் மருந்து இல்லை.

ஆகவே இன்று உங்களிடம் காணிக்கை கேட்க வரவில்லை. இரண்டு காரியங்கள் கேட்கிறோம்.

உங்கள் ஆலயம் பழைய கட்டடமானால் அதன் சுவர் தடித்தது, கூரை உயரமானது. ஊரிலேயே குளிர்ந்த இடம் அதுவாக இருக்கலாம். கோடை நாட்களில் பகல் பன்னிரண்டு முதல் நான்கு மணிவரை அதைத் திறந்து வைத்து, ஒரு பானைத் தண்ணீரும் நாலு பாயும் போட்டு வைக்க உங்கள் போதகரிடமும் மூப்பர்களிடமும் பேசுங்கள். எந்த மதத்தாரானாலும் வந்து படுத்து எழுந்து போகட்டும்.

இரண்டாவது, உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒருவரின் பெயரை இன்றே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் உட்காரும் பாட்டி இந்த ஞாயிறு வரவில்லையே என்று கவனித்தால், அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். காலையில் ஒரு தரம், பொழுது சாய்ந்து ஒரு தரம் போய்க் கதவைத் தட்டுங்கள். ஒரு தம்ளர் மோர் கொண்டுபோங்கள். அவர்கள் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்து பேசுங்கள். பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

அந்த அம்மா இப்போதும் எங்களிடம் மாதாமாதம் வருகிறார். கூரைமேல் சுரைக் கொடி ஏறியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் இரவில் அவர் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வதால் ஜன்னல் திறந்தே இருக்கிறது. சென்ற முறை வந்தபோது, "எனக்குத் தண்ணீர் அளவு எவ்வளவு, இந்த மாதக் கணக்கு சொல்லுங்கள்" என்று அவரே எங்களைக் கேட்டார்.

இந்தக் கோடையில் உங்கள் வீடு குளிர்ச்சியாக இருக்கட்டும். அடுத்த வீட்டுக் கதவு தினமும் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.