முதலில் அடுத்தவர் நியாயம்



2023 ஜூலை. நெய்வேலிக்குப் பக்கத்தில் வளையமாதேவி கிராமம். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் மாற்றுப்பாதைக்குக் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலிலேயே பொக்லைன் இறங்கியது. பச்சை நெல் மண்ணோடு புரண்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

"நிலத்துக்கு எப்பவோ பணம் கொடுத்தாச்சு. கால்வாய் இல்லேன்னா மழைக்காலத்துல சுரங்கத்துக்குள்ள தண்ணி வந்துடும்" என்பது சுரங்கத் தொழிலாளியின் கவலை. "கொடுத்த பணம் போதாது, நிரந்தர வேலையும் இல்லை. அறுக்கிற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா?" என்பது விவசாயியின் வேதனை. இருவரும் ஒரே பேருந்தில் போகிறவர்கள், ஒரே சந்தையில் காய் வாங்குகிறவர்கள். இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் திரும்பிவிடுகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. அடுத்தவர் தரப்பை முதலில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். "ஆமாம், அதைத்தான் சொல்றேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு உங்கள் தரப்புக்கு வாருங்கள். யாருடைய கருத்தும் மாறாமலே போகலாம். ஆனால் இழப்பீடு எவ்வளவு, வேலை யாருக்கு, அறுவடைக்கு எத்தனை நாள் என்று உருப்படியாகப் பேச அப்போதுதான் வழி பிறக்கும். இன்றைக்கே ஒருவரிடம் பேசிப் பாருங்கள்.