நம் நிலத்தின் வரலாற்றைச் சொல்லும் ஏடுகள்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணி எழுத்தறிவுப் பணியாகும். எழுத்தறிந்த பிள்ளை முதலில் பாடநூலை வாசிக்கிறது; பின்னர்ச் செய்தித்தாளை வாசிக்கிறது; வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்புகிறது. ஆனால் நம் பாட்டன் பூட்டன் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்த ஏடுகள் வேறு சில உள்ளன. அவை வட்டாட்சியர் அலுவலகத்திலும், சார்பதிவாளர் அலுவலகத்திலும், நீதிமன்றப் பதிவறையிலும் இருக்கின்றன. அவற்றை நம்மவர் வாசித்ததில்லை, வாசிக்க விட்டதுமில்லை. அவற்றைத் தேடுவதும் கேட்டுப் பெறுவதும் எவ்வாறு என்பதே இன்றைய உரையின் பொருள்.

இஃது ஏதோ அலுவலக நடைமுறை பற்றிய செய்திதானே என்று எவரும் எண்ண வேண்டா. ஊர்க் கணக்கு நெடுங்காலம் கணக்குப்பிள்ளையின் வீட்டிலேயே இருந்தது. அவ்வீட்டுத் திண்ணையில் கால்வைக்க நம் முன்னோர்க்கு உரிமை இருந்ததில்லை. தெருவில் நின்று, அவர் வாசித்துச் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்துத் திரும்பினார்கள். அவர் வாசிக்காமல் விட்ட வரியை அறிய வழியில்லை. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளைத் தமிழ்நாடு அரசு ஒழித்தது. அதன்பின் கிராம நிர்வாக அலுவலர் என்னும் பணி ஏற்பட்டு, கணக்கு வீட்டிலிருந்து அலுவலகத்திற்கு வந்தது. இன்று அதன் பெரும்பகுதி கணினிக்கும் வந்துவிட்டது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே செல்ல வேண்டியவர்கள் நாமே.

ஏன் செல்ல வேண்டும் என்பதற்கு ஒரு வரலாற்றைச் சொல்வது நம் கடமை. 1891-ஆம் ஆண்டு, செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த ட்ரெமென்ஹீர் என்பார், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். உழுபவனுக்கு உழும் நிலம் இல்லை, குடியிருப்பவனுக்குக் குடியிருக்கும் மனை இல்லை என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 நாளிட்ட வருவாய்த் துறை அரசாணை எண் 1010 பிறந்தது. தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படை செய்யப்பட்டன. சென்னை மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதெனப் பெருவழக்காகச் சொல்லப்படுகிறது. அவையே பஞ்சமி நிலங்கள் எனப்படுவன.

அவ்வொப்படையில் நிபந்தனைகள் இருந்தன. முதல் பத்தாண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தை மீட்டுக் கொள்ளலாம். இத்துணைத் தெளிவாக எழுதியிருந்தும் நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்குச் சென்றன. கடனுக்கு ஈடாகச் சென்றவை உண்டு. கைநாட்டு வைத்த வெற்றுத்தாளால் சென்றவை உண்டு. அச்சுறுத்தலால் சென்றவையும் உண்டு. அந்நிலங்களை மீட்கக் கோரிக் காரணை மக்கள் எழுந்தபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். அவர்கள் கேட்டது புதிய சலுகையன்று. அரசின் ஏட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த உரிமையையே கேட்டார்கள் என்பதை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

இனி வழிமுறைக்கு வருவோம். ஓர் இளைஞர் தம் பாட்டனாருக்கு ஏரிக்கரையை ஒட்டி ஒரு காணி நிலம் இருந்ததாகக் கேள்விப்படுகிறார் என்று கொள்வோம். இன்று அந்நிலத்தில் வேறொருவர் பயிர் செய்கிறார். அவர் தொடங்க வேண்டிய இடம் எது?

முதலாவது, நிலத்தின் புல எண். எண் தெரியாமல் எந்த அலுவலகத்திலும் எந்த ஏடும் கிடைக்காது. கிராம வரைபடத்தில் ஏரி, ஓடை, பாதை ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு எண்ணைக் கண்டுகொள்ளலாம். அவ்வெண்ணுக்குரிய புலப்படம், எல்லையையும் அளவையும் காட்டும்.

இரண்டாவது, வருவாய்க் கணக்குகள். 'அ' பதிவேடு ஊரிலுள்ள ஒவ்வொரு புல எண்ணின் வகைப்பாட்டையும், பரப்பையும், தீர்வையையும், பட்டாதாரரையும் காட்டுவது. சிட்டா ஒரு பட்டாதாரருக்கு உள்ள நிலங்களைத் தொகுத்துக் காட்டுவது. அடங்கல் எந்தப் பசலியில் யார் என்ன பயிர் செய்தார் என்பதைக் காட்டுவது. 'அ' பதிவேட்டையும் பட்டா, சிட்டா விவரங்களையும் தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் எவரும் பார்க்கலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. கணினியில் தெரிவது இன்றைய பதிவேடு மட்டுமே. 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. மக்கள் அதனை யூ.டி.ஆர். என்பர். அப்போது புதிய பதிவேடுகள் எழுதப்பட்டன. உட்பிரிவு எண்கள் மாறின. பழைய பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் இருந்த 'டி.சி. நிலம்', 'நிபந்தனை ஒப்படை' என்பன போன்ற சொற்கள் பல ஊர்களில் புதிய பதிவேட்டிற்கு ஏறவேயில்லை. ஒரு சொல் விடுபட்டது. ஒரு குடும்பத்தின் நிலம் பஞ்சமி நிலம் என்பதற்கான அடையாளமே மறைந்தது. ஆதலால் யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு, நிலவரித் திட்டப் பதிவேடு, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் ஒப்பீட்டுப் பதிவேடு ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறல் இன்றியமையாதது. அவை வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியரகப் பதிவறையிலோ இருக்கும். மிகப் பழைய அரசாணைகளும் பதிவேடுகளும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் காக்கப்படுகின்றன.

மூன்றாவது, பதிவுத் துறை ஆவணங்கள். நிலம் எப்போது, யாரிடமிருந்து யாருக்கு எழுதப்பட்டது என்பதை வில்லங்கச் சான்று வரிசையாகக் காட்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் அதனைத் தேடலாம். பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து கட்டணம் செலுத்த வேண்டும். சான்றில் காணும் ஆவண எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, பத்திரத்தின் சான்றிட்ட நகலைக் கோரலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்படும் முதல் புத்தகத்தைப் பார்வையிடவும் நகல் பெறவும் கட்டணம் செலுத்தும் எவருக்கும் உரிமை உண்டு. 'நீ யார், உனக்கு எதற்கு?' என்று கேட்டால், இப்பிரிவைப் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். வாங்கியவர் எந்த வகுப்பினர் என்பது பத்திரத்தில் பெரும்பாலும் இராது. அதனைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும்.

நான்காவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. நேரில் கேட்டுக் கிடைக்காததை இச்சட்டத்தின் 6-ஆம் பிரிவின் கீழ் எழுத்தால் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக மனுவில் ஒட்டலாம். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர் அதுவும் செலுத்த வேண்டா. சான்றை இணைத்தால் போதும். பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்களுக்குள் விடை தருதல் வேண்டும். விடை வராவிடினும் குறைவுபடினும், அடுத்த 30 நாள்களுக்குள் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. காலம் கடந்து தரப்படும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கலாகாது என்பதும் சட்டமே.

மனு எழுதும் முறையில் கருத்து வேண்டும். 'எங்கள் நிலத்தை ஏன் பறித்தீர்கள்?' என்று கேட்டால், அது தகவல் ஆகாதென்று திருப்பி விடுவார்கள். 'இன்ன கிராமம், இன்ன பழைய புல எண்ணுக்குரிய, யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும்' என்று கேட்டால் மறுப்பதற்கு இடமில்லை. பதிவேட்டை நேரில் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் இச்சட்டம் உரிமை தருகிறது. அதனையும் அதே மனுவில் கேளுங்கள். 'பதிவேடு இல்லை' என்று விடை வந்தாலும், அதனை எழுத்தில் பெற்றுப் பாதுகாத்து வையுங்கள். பின்னொரு நாள் அதுவே ஒரு சான்றாகும்.

ஐந்தாவது, நீதிமன்றப் பதிவுகள். நிலத்தின் மீது முன்னமே வழக்கு நடந்து, நம்மவருக்குத் தெரியாமலே தீர்ப்பாகியிருக்கலாம். வழக்கைக் கண்டறிய எந்த நீதிமன்றம், எவ்வகை வழக்கு, எந்த எண், எந்த ஆண்டு என்னும் நான்கும் தேவை. உரிமையியல் அசல் வழக்கை ஓ.எஸ். எண் என்பர். இக்கால வழக்குகளை மின்நீதிமன்றத் தளத்தில் வழக்காடுவோர் பெயரைக் கொண்டும் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்கக் குறியீடு ஒன்று அங்கே தரப்பட்டுள்ளது. எண் கிடைத்தபின், நீதிமன்ற நகல் பிரிவில் நகல் மனுவும் கட்டண வில்லையும் அளித்துத் தீர்ப்பு, தீர்ப்பாணை, சான்றாவணங்கள் ஆகியவற்றின் நகலைக் கோரலாம். வழக்கில் தரப்பினர் அல்லாதவர், நகல் எதற்கு வேண்டும் என்னும் காரணத்தையும் கூற வேண்டும். தீர்ப்பைத் தவிர்த்த பிற தாள்கள் குறித்த ஆண்டுகள் கழிந்தால் அழிக்கப்படும்; ஆகவே காலம் தாழ்த்தலாகாது.

இங்கே ஒரு நுட்பத்தை நினைவிற் கொள்க. நீதிமன்ற வழக்குக் கட்டுகளின் நகலுக்குத் தகவல் உரிமை மனுப் பயன்படாது. அந்நீதிமன்ற விதிகளின்படியே கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துள்ளது. மற்றொன்று: வெறும் ஒளிநகல் வழக்கில் நில்லாது, அலுவலர் கையொப்பமும் முத்திரையும் இட்ட சான்றிட்ட நகலே நிற்கும். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, பொது ஆவணங்களின் சான்றிட்ட நகலை, பார்வையிடும் உரிமையுடையோர்க்கு வழங்குமாறு பணிக்கிறது.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தளர வேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அனைவர்க்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அவ்வாணைக்குழுவின் அலுவலகம் உள்ளது. மேலும், பட்டியல் சாதியினருக்கு உரிய நிலத்தையோ ஒப்படை செய்யப்பட்ட நிலத்தையோ பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாத ஒருவர் முறைகேடாகக் கைக்கொள்வது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறும் உரிமையும் நமக்குண்டு.

இளைஞர்களே! ஏடு கிடைத்தவுடன் நிலம் கிடைத்துவிடும் என்று நாம் கூறவில்லை. பட்டா மட்டுமே உரிமையை முடிவாக நிலைநாட்டிவிடாது. விசாரணை உண்டு, வழக்கு உண்டு, ஆண்டுகள் பல ஆகும். ஆனால் ஏடு இல்லாதவனின் வழக்குத் தொடங்குவதே இல்லை. கையில் சான்றிட்ட நகலுடன் ஆட்சியர் முன் நிற்பவனின் சொல்லுக்கு ஒரு நிறை உண்டு. வெறுங்கையுடன் நிற்பவனின் சொல்லைப் புலம்பல் என்று ஒதுக்குவது எளிது.

சில நடைமுறைகளையும் சொல்லி முடிப்போம். அலுவலகத்திற்குத் தனியே செல்லாதீர்கள், இருவராகச் செல்லுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை பெறுங்கள். அல்லது ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள். மூல ஆவணத்தை எவரிடமும் விட்டுவராதீர்கள். தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கும் பழைய தாள்களைக் குப்பையென்று எறியாதீர்கள். மங்கிய ஒரு தீர்வை ரசீதில் பாட்டனாரின் பெயரும் புல எண்ணும் இருக்கக்கூடும். ஊரில் எழுபது வயது கடந்த பெரியவர்களிடம் எந்த வயல் யாருடையதாயிருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மறைந்தால் அந்த ஏடும் மறையும்.

கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிளை ஊரிலும் படித்த இளைஞர் இருவரைத் தேர்ந்து, ஓராண்டிற்குள் அவ்வூரின் பழைய 'அ' பதிவேட்டு நகலைப் பெற்றுக் கழக நூலகத்தில் சேர்க்கச் செய்ய வேண்டும். அவ்விருவருள் ஒருவர் பெண்ணாயிருத்தல் நலம். நம் நிலங்களில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களே. கல்வி என்பது சான்றிதழ் பெறுவதோடு முடிவதன்று. நம்மைப் பற்றிப் பிறர் எழுதி வைத்ததை நாமே வாசித்து, பிழையிருப்பின் திருத்தக் கேட்பதும் கல்வியே. அந்தக் கல்விக்கும் இக்கழகம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் துணை நிற்க வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.