சஃபோக் பஞ்ச்: ஒரு குதிரை சொல்லும் பாடம்



பம்புசெட் மோட்டார் வாங்கப் போனா, "எத்தனை ஹெச்.பி.?" என்றுதான் முதலில் கேட்போம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். குதிரைகள் செய்த வேலையை அளந்துதான் ஜேம்ஸ் வாட் இந்தக் கணக்கைப் போட்டார். கணக்கு நிலைத்துவிட்டது, குதிரைகள்தான் குறைந்து போயின.

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் வட்டாரத்தில் 'சஃபோக் பஞ்ச்' என்றொரு உழவுக் குதிரை உண்டு. செம்பழுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது. அந்த ஊர் மண் கனமான களிமண். ஷயர் போன்ற இனங்களுக்குக் காலில் அடர்ந்த முடி; சேறு அப்பிக்கொள்ளும். இதுக்கு அந்த முடி மிகக் குறைவு. மண்ணுக்கு ஏற்றபடி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்த டிசைன்! இன்றுள்ளவை எல்லாம் தந்தைவழியில் 1768-ல் பிறந்த ஒரே குதிரையின் வாரிசுகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர்கள் பெருகின. 1966-ல் பதிவான குட்டிகள் வெறும் 9. ஆர்வலர்கள் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். ஆனாலும் ஆபத்து இன்னும் நீங்கவில்லை.

டிராக்டரை நான் குறை சொல்லவில்லை. அது நம்ம ஆட்கள் செய்ததுதானே! ஆனால் பழைய எஞ்சினை, வரைபடம் இருந்தால் மறுபடி செய்துவிடலாம். குதிரைக்கு வரைபடம் ஏது? போனால் போனதுதான்.

தம்பி தங்கைகளே, புதுசாக ஒன்றைக் கொண்டுவரும்போது, அது எதை ஓரங்கட்டுகிறது, அதைத் திரும்பச் செய்ய முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பரீட்சையில் வராத கேள்வி இது. வேலையில் கட்டாயம் வரும்.