பள்ளித் தோழமையும் ஊர்ப் பிரிவினையும்

(பழைய மாணவர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இவ்வூர் உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் 1986-ஆம் வருஷம் பத்தாவது வகுப்பு முடித்த நீங்கள் சுமார் நாற்பது வருஷங்கழித்து இன்று ஒன்று கூடியிருக்கிறீர்கள். நமக்கு முன் பேசியவர்கள் தங்கள் பள்ளிக்கூட நாட்களைப்பற்றிச் சொன்னதையெல்லாம் நாமும் வெகு சந்தோஷத்தோடு கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு தோழர் கணக்கு உபாத்தியாயரின் பிரம்பைப்பற்றிச் சொன்னார். ஒருவர் வாசலில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி விற்ற மாங்காயைப்பற்றிச் சொன்னார். ஒரு அம்மையார் மழை வந்தால் ஓடு ஒழுகும் மூலையைப்பற்றிச் சொன்னார். பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் ஒருவரையொருவர் "வாடா, போடா" என்று கூப்பிட்டுக்கொள்ளுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி உண்டாகாது?

ஆனால் நம்மைப் போன்றவர்களைப் பேசக் கூப்பிட்டால், எந்தக் காரியத்தையும் "ஏன்? எதனால்?" என்று கேட்காமல் விடமாட்டோம் என்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதியேயாகும். ஆகவே இந்தப் பழைய ஞாபகங்கள் ஏன் இவ்வளவு இனிக்கின்றன என்பதைச் சற்று ஆலோசித்துப் பார்ப்போம்.

"அந்தக் காலம் போல் வருமா?" என்று பலர் சொன்னார்கள். அந்தக் காலத்தில் என்ன தேனும் பாலுமா ஓடிற்று? ஓடு ஒழுகிற்று. பலருக்குக் காலில் செருப்பில்லை. பிரம்படி தாராளமாய்க் கிடைத்தது. அடித்ததனால்தான் உருப்பட்டோம் என்று ஒரு தோழர் பெருமையாய்ச் சொன்னார். அடிக்கு அவ்வளவு சக்தி இருக்குமானால் அதே பிரம்புக்குப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்டு ஓடினவர்கள் ஏன் உருப்படவில்லை? உருப்பட்டவர்கள் மட்டும் வந்து பேசுகிற கூட்டத்தில் பிரம்புக்கு நல்ல பெயர் கிடைப்பதில் என்ன அதிசயம்? பிள்ளைகளை அடிப்பது தகாது என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. ஆகையால் காலமும் பிரம்பும் அந்த இனிப்புக்குக் காரணமல்ல.

பின்னை எது காரணம்? நாம் சொல்லுகிறோம், அது நீங்கள் உட்கார்ந்த பெஞ்சு! ஆஜர்ப் பட்டியலில் பெயர் எழுத்து வரிசைப்படி இருந்தது. பெஞ்சிலோ குட்டையன் முன்னும் நெட்டையன் பின்னுமாக உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் இருப்பவன் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல் அவன் பென்சிலை வாங்கினீர்கள், அவன் பாத்திரத்தில் கைவிட்டுத் தின்றீர்கள், அவன் தோளில் கைபோட்டு நடந்தீர்கள். மாலை மணி அடித்து ஊருக்குள் போனதும் என்ன ஆயிற்று? அதே சிநேகிதன் வீட்டுத் திண்ணைக்கு அப்பால் நின்றான். பள்ளிக்கூடத்தில் இருந்த மனிதத்தன்மை ஊரில் இல்லை. ஆதலால்தான் அந்த ஐந்தாறு வருஷங்கள் உங்களுக்கு இன்றும் இனிக்கின்றன.

தோழர்களே! அந்தப் பெஞ்சும் தானாக வந்துவிடவில்லை. கடவுள் கிருபையாலும் வரவில்லை. டாக்டர் அம்பேத்கர் சாத்தாராவில் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், தாம் உட்காருவதற்குத் தாமே ஒரு சாக்குத் துணியைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மாலையில் அதைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். ஏனெனில் பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற ஆள்கூட அதைத் தொடமாட்டான். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறந்து குடிக்கக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாவிட்டால் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். அவருக்கும் பள்ளிக்கூட ஞாபகம் என்று ஒன்று இருந்ததல்லவா? உங்களுக்கு மாங்காய் ஞாபகம் வருகிறது. அவருக்குச் சாக்கும் தாகமும் ஞாபகம் வந்தன. இந்த வித்தியாசத்தை உண்டாக்கினது யார்?

பலபேர் பாடுபட்டு உண்டாக்கினார்கள். 1920-இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். 1929-இல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போட்டுக்கொள்ளுவதை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதன் பலனாகத்தான் உங்கள் ஆஜர்ப் பட்டியலில் ஒரு தலையெழுத்தும் ஒரு பெயரும் மட்டும் இருந்தன. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 1984-இல் அது பத்தாவது வகுப்பு வரையில் வந்தது. அப்பொழுது நீங்கள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரே வரிசையில் தட்டேந்தி உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்றதை இங்கு பலர் சொன்னீர்கள். வயிற்றுக்குச் சோறு என்பதோடு, சமபந்தி என்கிற பாடத்தையும் அந்தத் தட்டு சொல்லிக்கொடுத்தது.

இன்னொரு விஷயம். அதோ சுவரில் உங்கள் வகுப்புப் படத்தை மாட்டியிருக்கிறீர்கள். அதில் இருப்பவர்களை எண்ணி மகிழுகிறீர்கள். இல்லாதவர்களை யாராவது எண்ணினீர்களா? ஆறாவதில் உங்களோடு சேர்ந்து எட்டாவதில் நின்றுபோனவன் எங்கே? ஆடு மேய்க்கவும், செங்கல் சூளைக்கும், மளிகைக் கடைக்கும் போனவர்கள் எங்கே? பெரியவளாகிவிட்டாள் என்று சொல்லி வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்கள் எங்கே? ஒருவேளை உங்கள் வகுப்பில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி அவர்களில் ஒருத்தியாகவே இருந்திருக்கலாம். தேர்வு எழுதினவர்களுக்கு மட்டும் அழைப்பு அனுப்பினால் அது பழைய மாணவர் கூட்டமாகுமா? தேறினவர்கள் கூட்டம் என்றல்லவா அதற்குப் பெயர்?

இப்பொழுது நம் மனத்தை வாட்டுகிற விஷயத்துக்கு வருகிறோம். நீங்கள் உட்கார்ந்த அந்தப் பெஞ்சுக்கு இன்று ஆபத்து வந்திருக்கிறது. சில ஜில்லாக்களில் பிள்ளைகள் ஜாதிக்கொரு நிறமாய்க் கையில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவன் தன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். பிடிபட்டவர்களோ அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பையன்கள்! அதன்மேல் அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு கமிட்டி அமைத்தது. கயிறும் மற்ற ஜாதி அடையாளங்களும் கூடாது, பிள்ளைகளை எழுத்து வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்று அவர் 2024 ஜூனில் யோசனை சொன்னார். பார்த்தீர்களா! நீங்கள் யாரும் சொல்லாமலே செய்த காரியத்தை இன்று ஒரு நீதிபதி எழுதிக் கொடுக்க வேண்டியதாயிருக்கிறது.

பத்து வயதுப் பையனுக்கு அந்தக் கயிற்றின் நிறத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்? எந்தப் பாடப்புத்தகத்தில் அது இருக்கிறது? வீட்டில்தான் கற்றுக்கொள்ளுகிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வீடு நம்முடைய வீடாகவே இருக்கலாம். "வாடா, போடா" என்று இங்கே கட்டிப்பிடித்துக்கொள்ளுகிற நாம், வீட்டில் கலியாணம் என்றால் பத்திரிகையில் ஜாதிப் பட்டத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறோமா இல்லையா? நம் பையன் தன் வகுப்புத் தோழியைக் கட்டிக்கொள்ளுகிறேன் என்றால், நம் பழைய பெஞ்சு சிநேகம் அப்பொழுது நமக்கு ஞாபகம் வருகிறதா? ஒருநாள் கட்டிப்பிடித்துக்கொள்ளுவதற்கும், வருஷமெல்லாம் விலகி இருப்பதற்கும் உபயோகப்படுகிற சிநேகம் என்ன சிநேகம்?

ஆகவே தோழர்களே! பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறியும் பீரோவும் வாங்கிக்கொடுத்து, அதில் உபயம் என்று பெயர் எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். முதலாவது, நின்றுபோனவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரவையுங்கள். இரண்டாவது, இன்று ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளில் நின்றுபோகிற நிலையில் இருப்பவர் யார் என்று உபாத்தியாயர்களைக் கேட்டு, அந்தப் பிள்ளை முடிக்கும் வரையில் ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இங்கே சொன்ன கதைகளை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லுவதோடு, அந்தக் கதையில் வருகிற சிநேகிதனைக் குடும்பத்தோடு வீட்டுக்குக் கூப்பிட்டு, பிள்ளைகள் பார்க்கும்படி ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கயிற்றை அறுக்க இதைவிட நல்ல கத்தி கிடையாது.

நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அனுபவத்தில் வைத்துப் பார்த்து, சரி என்று பட்டதைச் செய்யுங்கள்.