குறிப்பு எடுக்கும் விதம்



பள்ளியில் கொடுக்கும் ஆராய்ச்சி வேலைக்கு (புராஜெக்ட் என்கிறீர்கள்) குறிப்பு எடுப்பதைப் பற்றிப் பேசும்படி புதுவாயல் தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நமது திருவள்ளூர் ஜில்லாவின் ஆதிகாலக் கல் ஆயுதங்களை நீங்கள் விஷயமாக எடுத்திருப்பதில் நமக்கு மெத்த சந்தோஷம். ஆனால் கடையில் விற்கும் படத்தை வாங்கி ஒட்டி, செல்போனில் வந்ததை அப்படியே நகல் எடுத்து மார்க்கு வாங்குவதுதான் ஆராய்ச்சி என்றால், பொருள் தெரியாமல் மந்திரம் ஒப்பிக்கிறவரையும் ஆராய்ச்சிக்காரர் என்றே சொல்லவேண்டியதாகும்.

நிற்க, 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப இலாகா உத்தியோகஸ்தர் பல்லாவரத்துச் சரளைக் குழியில் கிடந்த கல் ஒன்றை, மனிதன் செதுக்கிய ஆயுதமென்று கண்டார். அவ்வருஷம் செப்டம்பரிலேயே வில்லியம் கிங் என்பவரோடு கொற்றலை ஆற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கண்டார். அதற்குமுன் நம் ஜனங்கள் அக்கற்களை மிதித்து நடக்கவில்லையா? நடந்தார்கள். அவரோ பார்த்தார், பார்த்ததை எழுதியும் வைத்தார். ஆகவேதான் 1912-ல் அவர் இறந்த பிறகும், 1914-ல் அவர் சேகரித்தவைகளின் ஜாபிதா புத்தகமாக வெளிவர முடிந்தது.

எந்த ஆழம் என்று எழுதாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்பீர்கள். அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் தோண்டி ஆராய்ந்தார்கள். மண் துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று கணக்கிட்டு, ஓர் அடுக்குக்கு 3,85,000 வருஷம், முன்பின் 64,000 என்று 2018-ல் வெளியிட்டார்கள். வயது மண்ணடுக்குக்குச் சொன்னது. கல் எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இல்லையேல், அந்த வயதுக்கும் கல்லுக்கும் சம்பந்தம் ஏது? அது வெறும் ரஸ்தா ஜல்லிதான்!

அந்த ‘முன்பின் 64,000’ என்பதையும் விடாமல் எழுதுங்கள். அதை விட்டு எழுதுகிறவன், ஆராய்ந்தவர்களே சொல்லாத நிச்சயத்தைத் தானாகக் கற்பித்தவனாவான்.

உங்கள் நோட்டில் கண்டது, கேட்டது, படித்தது, நாமே யூகித்தது ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். தேதியும் இடமும் அங்கேயே போடவேண்டும். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து போடுவது குறிப்பாகாது. புத்தகமானால் பேர், வருஷம், பக்கம். ஒரு பெரியவர், ‘இவை ராட்சதர் எறிந்த கல், தம்பி’ என்றால் சிரிக்கவேண்டாம். இன்னார், இன்ன நாளில் சொன்னார் என்று ‘கேட்டது’ பக்கத்தில் எழுதுங்கள். ‘கண்டது’ பக்கத்துக்கு மாத்திரம் அதைக் கொண்டுபோகாதீர்கள். நாம் இன்று சொன்னதும் ‘கேட்டது’தான். சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

பூண்டியில் அரசாங்க அகழ்வைப்பகம் இருக்கிறது. அங்கே பென்சிலோடு போங்கள். அத்திரம்பாக்கத்துக்குப் போனால் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கிடந்த இடத்திலேயே வரைந்துகொண்டு, அளவு எழுதிக்கொண்டு திரும்புங்கள்.